ஜெராக்ஸ் வருது, ஸ்கேன் மட்டும் வரலையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் வாசகர் கடிதம் பகுதியில் ஓசூர்க்காரர் ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். விண்டோஸ் 10க்கு ஆயுள் முடிந்ததும் பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்கிற இலவச சிஸ்டத்தைப் போட்டாராம். பிரிண்ட் வருகிறதாம், ஸ்கேனர் மட்டும் வேலை செய்யவில்லையாம். அதனால் சிறு கடைக்காரர்கள் யாரும் இந்த விஷப்பரீட்சையில் இறங்க வேண்டாம், கடன் வாங்கியாவது புது கம்ப்யூட்டர் வாங்கிவிடுங்கள் என்று முடித்திருந்தார்.

நானும் சிறு கடைக்காரிதான். பாலக்கோட்டில் தாலுகா ஆபீஸ் போகிற வழியில் 11 வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். எனக்கும் இதே கதை நடந்தது. ஆனால் நான் கம்ப்யூட்டரும் வாங்கவில்லை, ஸ்கேனரும் மாற்றவில்லை. செலவானது ஒரு ஏ4 தாளும் ஒரு மத்தியானமும். கடன் வாங்கச் சொல்லி ஒரு கடிதம் அச்சாகியிருக்கும்போது, வாங்க வேண்டாம் என்று இன்னொரு கடிதமும் வரட்டுமே என்றுதான் எழுதுகிறேன்.

என் கடைக் கம்ப்யூட்டர் 2018ல் வாங்கியது, இன்டெல் ஏழாம் தலைமுறை ஐ3 பிராசசர். விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும் என்றார்கள். ஓடுகிற வண்டியை எடைக்குப் போடச் சொன்ன மாதிரி இருந்தது. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு வழக்கமான இலவச அப்டேட் நின்றது. பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியில் படிக்கிற என் பையன் தீபாவளி லீவுக்கு வந்தபோது லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தான். எனக்கு லினக்ஸ் என்றால் மூத்தவளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச மடிக்கணினிதான் ஞாபகம் வரும். அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்று ஒன்றும் இருந்தது. ஆன் செய்யும்போது எது வேண்டும் என்று கேட்கும், அவள் ஒருநாளும் அந்தப் பக்கம் போனதில்லை.

வைஃபையில் ஓடுகிற ஆல் இன் ஒன் மெஷின் கடையில் இருக்கிறது. மின்ட் போட்ட அன்றே பிரிண்ட் வந்தது, ஸ்கேனும் வந்தது, கம்ப்யூட்டரை மெஷினோடு பேச வைக்கிற டிரைவர் மென்பொருள் சிடி எதுவும் போடவில்லை. ஆறு மாதம் ஒரு குறையும் இல்லை. சித்திரையில் ஒரு சாயங்காலம் காற்றும் மழையுமாக அடித்து, ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லை. மறுநாள் கடையைத் திறந்தால் பிரிண்ட் வருகிறது, ஜெராக்ஸ் வருகிறது, ஸ்கேன் மட்டும் "நோ ஸ்கேனர்ஸ் டிடெக்டெட்" என்கிறது.

அந்த நேரம் பார்த்து மாரண்டஅள்ளிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் கிரயப் பத்திரத்தோடு வந்து நிற்கிறார். முத்திரைத்தாள், மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, பின்பக்கம் பழைய காலண்டர் தாளை ஒட்டி வைத்திருந்தார். மேலே இழுத்துக்கொள்ளும் தட்டில் அதைப் போட முடியாது, கண்ணாடியில் வைத்துத்தான் எடுக்க வேண்டும். நான் மூடியைத் திறந்து மூடித் திறந்து மூடிப் பார்த்தேன். "ஏங்கண்ணு, மிஷினு செத்துப்போச்சா?" என்றார். போனில் படம் பிடித்துத் தரட்டுமா என்றால், வக்கீல் கண்ணாடியில் வைத்து எடுக்கச் சொன்னார் என்று ஒரே பிடி. நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பினேன். இரண்டு பஸ் மாறி வந்த மனுஷன்.

மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். வந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். "லினக்ஸாக்கா? இதுல ஸ்கேனர் எல்லாம் சரிப்படாது." ஆறு மாதம் ஓடியதே என்றேன். மெஷினைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அப்ப ஸ்கேன் போர்டு போயிருக்கும், 4,500 ஆகும்" என்றார்.

"ஜெராக்ஸ் வருதே தம்பி?"

"அது வேற, இது வேறக்கா."

வேறு இல்லை, ஆசிரியர் ஐயா. அதே கண்ணாடி, அடியில் ஓடுகிற அதே லைட், அதே சென்சார். ஜெராக்ஸ் எடுக்கும்போது படித்ததை மெஷின் தனக்குள்ளேயே தாளில் அடித்துக்கொள்கிறது, ஸ்கேனில் அதையே கம்ப்யூட்டருக்கு அனுப்புகிறது. ஜெராக்ஸ் தெளிவாக வந்தால் படிக்கிற பாகம் நன்றாக இருக்கிறது, அனுப்புகிற வழியில்தான் எங்கேயோ சிக்கல். 11 வருடம் இந்த மெஷின்களோடு குப்பை கொட்டியவளுக்கு இதுகூடத் தெரியாது என்று நினைத்துவிட்டார் போல. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு, கல்லூரிக்குப் போன் போட்டேன்.

பையன் முதலில் கேட்டது, "மெஷினோட நம்பர் என்னன்னு பாரு" என்று. வைஃபை மெஷினுக்கு ரூட்டர் ஒரு நம்பர் கொடுக்கும், ஐபி அட்ரஸ் என்பார்கள், நான்கு துண்டாக நடுவில் புள்ளி வைத்து இருக்கும். அதைப் பார்க்கக் கம்ப்யூட்டரே தேவையில்லை. மெஷினின் மெனுவில் நெட்வொர்க் என்ற இடத்துக்குப் போய் ரிப்போர்ட் கொடுத்தால் ஒரு தாளில் அடித்துத் தரும். அதுதான் நான் செலவழித்த ஏ4. அதில் கடைசித் துண்டு 23 என்று இருந்தது.

"கம்ப்யூட்டர்ல நான் எழுதி வெச்சது 7ம்மா."

கரண்ட் போனதில் ரூட்டரும் அணைந்து, மெஷினும் அணைந்து, காலையில் எல்லாம் ஒன்றாக விழித்தபோது ரூட்டர் தன் இஷ்டத்துக்கு நம்பரைப் பங்குபோட்டிருக்கிறது. 7ஆம் நம்பர் என் போனுக்குப் போய்விட்டது. கம்ப்யூட்டர் பாட்டுக்கு என் போனிடம் போய் ஸ்கேன் எடு, ஸ்கேன் எடு என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

அப்படியானால் பிரிண்ட் எப்படி வந்தது? என்னைக் குழப்பியது இதுதான், ஓசூர் வாசகரையும் இதுவே குழப்பியிருக்கலாம். பிரிண்டுக்கு மின்ட் நம்பரை நம்புவதில்லை. மெஷின் "நான் இன்ன பேர், இங்கே இருக்கிறேன்" என்று நெட்வொர்க்கில் கூவும், அந்தப் பேரைப் பிடித்துக்கொண்டு போகும். நம்பர் மாறினாலும் பேர் மாறாது. ஸ்கேனும் அப்படியே தானாகத் தேடிக்கொள்ளும்படிதான் முதலில் இருந்தது. நம்ம பிள்ளையாண்டான்தான், கடையில் கூட்டம் நிற்கும்போது ஒவ்வொரு தடவையும் தேடிக்கொண்டிருக்கிறதே என்று, தேடுவதை நிறுத்திவிட்டு நம்பரைக் கையால் எழுதி வைத்திருக்கிறான். நல்லது நினைத்துத்தான் செய்தான். ஆனால் அன்றைக்குப் போனில் கொஞ்சம் அடக்கமாகத்தான் பேசினான்.

இதற்கு மேல் அவன் சொல்லச் சொல்ல நானே செய்ததை எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

கம்ப்யூட்டரில் பிரவுசரைத் திறந்து, தாளில் இருந்த நம்பரை அப்படியே அட்ரஸ் இடத்தில் அடித்தேன். மெஷினின் சொந்தப் பக்கம் திறந்தது, இங்க் எவ்வளவு, தாள் எவ்வளவு என்று. ஆக, கம்ப்யூட்டருக்கும் மெஷினுக்கும் பேச்சுவார்த்தை இருக்கிறது. அடுத்து அந்த நம்பருக்குப் பின்னால் ஒரு சாய்கோடு, இஎஸ்சிஎல், இன்னொரு சாய்கோடு, ஸ்கேனர்கேப்பபிலிட்டீஸ் என்று அடிக்கச் சொன்னான். எல்லாம் ஆங்கில எழுத்தில்தான். இஎஸ்சிஎல்லில் முதல் எழுத்து சின்னது, மற்ற மூன்றும் பெரியது. ஸ்கேனர்கேப்பபிலிட்டீஸ் ஒரே வார்த்தை, அதில் எஸ்ஸும் சியும் பெரியது. இரண்டு தடவை தப்பாக அடித்தேன். மூன்றாவது தடவை திரை முழுக்க அம்புக்குறி அடைப்புக்குள் என்னென்னவோ வந்து கொட்டியது. பயந்துபோய்ப் படித்துக் காட்டினேன். "பிளாட்டன்னு இருக்கா? 300, 600ன்னு இருக்கா?" இருந்தது. பிளாட்டன் என்றால் அந்தக் கண்ணாடிப் பலகை. 300, 600 என்பது ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி எடுக்கும் என்ற கணக்கு. மெஷின் தன் ஜாதகத்தை அதுவே ஒப்பிக்கிறது. 4,500 ரூபாய்க்குப் போர்டு போன மெஷின் இப்படிப் பேசுமா?

இஎஸ்சிஎல் என்பது ஸ்கேனரும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ளும் ஒரு பொதுப் பாஷை. வெப்சைட் திறக்கிற அதே முறையில் ஓடுகிறது. ஆப்பிள் கம்ப்யூட்டரில் டிரைவர் போடாமல் ஸ்கேன் எடுப்பதும் இதை வைத்துத்தானாம். மெஷின் வந்த பெட்டியில் ஏர்பிரிண்ட் என்று போட்டிருந்தால் பெரும்பாலும் இதுவும் உள்ளே இருக்கும். லினக்ஸில் ஸ்கேனர்களைக் கவனித்துக்கொள்வது சேன் என்கிற மென்பொருள். அதோடு சேர்ந்து இந்தப் பாஷையைப் பேசுவது சேன்-ஏர்ஸ்கேன். 2022ல் வந்த மின்ட் 21லிருந்து அது கூடவே வருகிறது, தனியாகப் போட வேண்டியதில்லை.

பிறகு இடிசி என்ற ஃபோல்டருக்குள் சேன்.டி, அதற்குள் ஏர்ஸ்கேன்.கான்ஃப். அந்த ஃபைலைத் திறந்து 7ஐ அழித்து 23 போட்டேன், சேமிக்க பாஸ்வேர்டு கேட்டது. கட்டளை அடிக்கிற டெர்மினல் ஜன்னலில் ஸ்கேன்இமேஜ் என்று அடித்து, இடம் விட்டு, ஒரு கழித்தல் குறியும் பெரிய எல்லும் போட்டால் கண்ணில் படுகிற ஸ்கேனர்களையெல்லாம் பட்டியல் போடும். காலையில் வெறுமையாக இருந்த இடத்தில் மெஷினின் பேர் வந்தது. எழுந்து போய் ஒரு டீ சொன்னேன்.

அதோடு விடவில்லை. ரூட்டரின் செட்டிங்ஸ் பக்கத்திலும் நுழைந்து, இந்த மெஷினுக்கு எப்போதும் 23தான் என்று ஒதுக்கி வைத்தேன். அதற்கு மெஷினின் மேக் அட்ரஸ், அதாவது கம்பெனியிலேயே போட்ட மாறாத நம்பர், வேண்டும், அதே ரிப்போர்ட் தாளில் இருக்கிறது. ரூட்டருக்கு ரூட்டர் அந்த இடத்தின் பேர் மாறும், ரிசர்வேஷன் என்ற வார்த்தையைத் தேடினால் கிடைக்கும். அதன் பிறகு எத்தனையோ தடவை கரண்ட் போய் வந்துவிட்டது, நம்பர் மாறவில்லை. தாளை மெஷின் பக்கவாட்டில் செல்லோடேப் போட்டு ஒட்டியிருக்கிறேன்.

பெரியவர் மறுநாள் வந்தார். முகவரி மாறிப்போச்சு ஐயா, அவ்வளவுதான் என்றேன். "நம்ம ஊர் தபால்காரன் கதையா இல்ல இருக்கு" என்றார்.

இந்தக் கதை பரவி, பக்கத்தில் பத்திரம் எழுதும் அண்ணன் தன் பழைய ஸ்கேனரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அது யுஎஸ்பி வயரில் மட்டும் ஓடுவது, வைஃபை கிடையாது, இஎஸ்சிஎல்லும் தெரியாது. அவரிடம் இரண்டு லினக்ஸ் கம்ப்யூட்டர், ஸ்கேனர் ஒன்றில் மாட்டியிருக்க, மற்றதிலிருந்தும் எடுக்க வேண்டும் என்றார். அதற்கும் சேனிலேயே வழி இருக்கிறது, சேன்டி என்பார்கள். ஸ்கேனர் மாட்டிய கம்ப்யூட்டரில் சேன்டி.கான்ஃப் ஃபைலில் யார் யார் வரலாம் என்று எழுத வேண்டும், கேட்கிற கம்ப்யூட்டரில் நெட்.கான்ஃப் ஃபைலில் எங்கே போய்க் கேட்பது என்று எழுத வேண்டும். பெண் வீட்டிலும் சொல்லணும், மாப்பிள்ளை வீட்டிலும் சொல்லணும்.

இதில் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போனது. பட்டியலில் ஸ்கேனர் பேர் வருகிறது, ஸ்கேன் கொடுத்தால் அப்படியே நின்றுவிடுகிறது. பேர் வருவதால் வழி சரியாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வயரை மாற்றினேன், ஸ்கேனரை மாற்றி மாற்றி அணைத்தேன். கடைசியில் பார்த்தால் ஃபயர்வால், வெளியிலிருந்து வருவதைத் தடுக்கிற காவல் மென்பொருள். சேன்டி பேசுவது 6566ஆம் போர்ட்டில், அதாவது அந்த எண் போட்ட கதவில், அதைத் திறந்து வைத்திருந்தோம். ஆனால் எடுத்த படத்தை அனுப்ப அது வேறொரு கதவைத் திறக்கிறது, அதுவும் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு. முன்வாசலில் பேசிவிட்டு மூட்டையைக் கொல்லைப்பக்கமாக இறக்குகிற மாதிரி. சேன்டி.கான்ஃபிலேயே டேட்டா போர்ட்ரேஞ்ச் என்று ஒரு வரி இருக்கிறது. 10000லிருந்து 10100 வரை என்று அதில் கட்டிப்போட்டு, ஃபயர்வாலிலும் அதே எண்களைத் திறந்துவிட்டதும் படம் வந்தது. பேர் தெரிகிறது, படம் வரவில்லை என்பவர்கள் முதலில் இதைப் பாருங்கள்.

அண்ணனிடம் இன்னொரு கூத்து. சூடோ, அதாவது நிர்வாகி அதிகாரம், போட்டால் ஸ்கேனர் தெரிகிறது, போடாவிட்டால் தெரியவில்லை. அது அனுமதிப் பிரச்சினைதான், ஸ்கேனர் என்ற குரூப்பில் அவர் பேரைச் சேர்த்து, வெளியே போய் மறுபடி லாகின் செய்ததும் தீர்ந்தது. அதற்காகத் தினமும் சூடோ போட்டே ஸ்கேன் எடுத்துக்கொண்டிருந்தார், பாவம்.

என் கடையின் இரண்டாவது கம்ப்யூட்டரும் ஒரு வாரம் ஸ்கேனரே இல்லை என்று அடம் பிடித்தது. மோடம் மாற்ற வந்த பையன் அதைக் கெஸ்ட் வைஃபையில் சேர்த்துவிட்டுப் போயிருக்கிறான். கெஸ்ட்டில் இன்டர்நெட் வரும், உள்ளே இருக்கிற மெஷின்களைக் காட்டாது. விருந்தாளியைச் சமையலறைக்குள் விடுவோமா? சரியான வைஃபைக்கு மாற்றியதும் முடிந்தது.

லினக்ஸில் எல்லா ஸ்கேனரும் ஓடும் என்று நான் சொல்லவில்லை. பழைய எச்பி மெஷின்களுக்கு எச்பிலிப் என்ற எச்பியின் மென்பொருள் வேண்டும், சிலவற்றுக்கு அதோடு ஒரு பிளகினும் இறக்கணும். பிரதர், எப்சன் கம்பெனிகள் தங்கள் மெஷின்களுக்கு லினக்ஸ் டிரைவர் தனியாகக் கொடுக்கின்றன. எந்த வழியிலும் வராத ஸ்கேனர்களும் உண்டு. சேன் வெப்சைட்டில் எது ஓடும் எது ஓடாது என்று கம்பெனி வாரியாகப் பட்டியல் இருக்கிறது, வாங்குமுன் பார்த்துக்கொள்ள வேண்டியது நம் வேலை. நான் போன மாதம் தருமபுரியில் ஒரு கடையில் மெஷின் பார்க்கப் போய், இதில் இஎஸ்சிஎல் இருக்கிறதா என்று கேட்டேன். அந்தத் தம்பி கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "எல்சிடி இருக்குங்கக்கா" என்றார்.

ஸ்கேன் வருகிறது, ஆனால் இழுக்கிறது என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. என்னிடம் வருகிறவர்கள் முதல் பட்டதாரி சான்று, வருமானச் சான்று என்று அப்லோட் செய்வதற்குத்தான் வருகிறார்கள். அந்தத் தளங்கள் இத்தனை கேபிக்குள் வேண்டும் என்று கறாராகக் கேட்கும். அதற்குப் போய்க் கலரில் 600 வைத்து எடுக்கிறார்கள். ஓர் ஏ4 தாளைக் கலரில் 300ல் எடுத்தால் சுருக்குவதற்கு முன் சுமார் 26 எம்பி, 600ல் எடுத்தால் 100 எம்பிக்கும் மேல். கறுப்பு வெள்ளைச் சாயையில் 150 வைத்தால் 2 எம்பி சொச்சம்தான். பத்திரத்துக்கு 300 வைக்கிறேன், சான்றிதழுக்கு 150 போதும். வைஃபை மெஷினில் இந்த வித்தியாசம் கையோடு தெரியும்.

உங்களுக்கும் ஒரு குறை சொல்லணும். உங்கள் கம்ப்யூட்டர் கேள்வி பதில் பகுதியை விடாமல் படிக்கிறேன். ஸ்கேனர் பற்றி யார் என்ன கேட்டாலும் "தயாரிப்பு நிறுவனத்தின் வெப்சைட்டிலிருந்து டிரைவரை இறக்கி நிறுவவும்" என்றே பதில் வருகிறது. லினக்ஸில் அப்படி இறக்கப் போனால் பாதி மெஷின்களுக்கு அங்கே ஒன்றும் இருக்காது, தேவையும் இருக்காது. கேட்டவர் டிரைவர் இல்லை, ஆகவே ஓடாது என்று முடிவு கட்டிவிடுவார். ஓசூர் வாசகரும் அந்தப் பதிலைப் படித்துத்தான் நொந்துபோனாரோ என்று எனக்குச் சந்தேகம். மெஷின் எந்த வைஃபையில் இருக்கிறது, அதன் நம்பர் என்ன என்று ஒரு வரி முதலில் கேளுங்கள்.

அந்த வாசகர் இதைப் படித்தால், ஜெராக்ஸ் வருகிறதா, மெஷின் நம்பரை பிரவுசரில் அடித்தால் பக்கம் திறக்கிறதா, ஸ்கேன் நின்றது கரண்ட் போன பிறகா, ரூட்டர் மாற்றிய பிறகா, இந்த மூன்றையும் உங்கள் பகுதியிலேயே எழுதட்டும். கூடவே மெஷின் மாடல் நம்பரும். எனக்குத் தெரிந்தால் நான் பதில் எழுதுகிறேன், தெரியாவிட்டால் பர்கூருக்குப் போன் போடுகிறேன். செமஸ்டர் பரீட்சை முடியட்டும்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்காரி,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.